பன்னிரண்டு பேருக்குள்ள வராதவன் எங்கே போவான்?

உங்க காலேஜிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். வகுப்புல கடைசி பெஞ்ச், ஹாஸ்டல்ல சத்தமே இல்லாத ஆளு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷார்ட்ஸ் மாட்டிக்கிட்டு கபடி கோட்டுக்குள்ள இறங்கினா மட்டும் வேற ஆளு. பொங்கல் லீவுல போன் பண்ணினா வீட்டுல இருக்கமாட்டான். ராசிபுரம் பக்கமோ, சங்ககிரி பக்கமோ, எடப்பாடி பக்கமோ ஏதாவது ஒரு ஊர்ல விடிய விடிய நடக்கிற போட்டியில, முட்டி முழுக்க செம்மண்ணோட நின்னுக்கிட்டு இருப்பான்.

எங்க காலேஜ்லயும் ஒருத்தன் இருக்கான். பேரு வேண்டாம், ரைடர்னே சொல்றேன். போன வருஷம் மண்டலப் போட்டி அரையிறுதியில ரெண்டு புள்ளியில தோத்தோம். நாங்க எடுத்த 29 புள்ளியில 16 அவன் எடுத்தது. மீதி 13ஐ எடுக்க ஆறு பேரு தேவைப்பட்டோம், அதுல நானும் ஒருத்தன். திரும்பி வர்ற பஸ்ல யாரும் பேசல. திருச்செங்கோடு தாண்டினப்புறம் அவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: "இனிமே நம்மள யார்ரா பாக்கப்போறா?"

அந்தக் கேள்விக்கு அப்போ என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் முழுசா இல்ல. ஆனா அதைத் தேடினப்போ தெரிஞ்ச விஷயங்களை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னா இது அவன் ஒருத்தனோட பிரச்சினை இல்லீங்க.

கல்லூரியிலிருந்து ஒரு கதவு இருக்கு

முதல்ல நல்ல செய்தி. கல்லூரிக் கபடியிலிருந்து புரோ கபடி லீக் ஏலத்துக்குப் போக நேரடியாவே ஒரு வழி இருக்கு. 2022இல் நடந்த ஒன்பதாவது சீசன் ஏலத்தில், கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளின் 24 வீரர்களையும் ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். 2024இல் பதினொன்றாவது சீசனுக்கும் இதே ஏற்பாடுதான். இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகள், அணிக்கு 12 பேர், மொத்தம் 24.

ஏலத்தில் வீரர்களை ஏ, பி, சி, டி என்று நாலு பிரிவாகப் பிரிப்பார்கள். அந்த 2024 ஏலத்தில் அடிப்படை விலை 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம். கடைசிப் பிரிவிலேயே யாராவது ஒரு அணி கை தூக்கினால் ஒரு சீசனுக்கு 9 லட்சம். நம்ம கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்றரை லட்சம் ஆஃபர் லெட்டர் வந்தாலே வீட்டில் கேசரி கிண்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மேல்மட்டத்தில் நிலவரம் வேறு. அதே ஏலத்தில் தமிழ் தலைவாஸ் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தது.

ஆக, கனவு காண்பதில் தப்பு இல்லை. கதவோட அகலம்தான் பிரச்சினை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நாமெல்லாம் இன்ஜினியரிங் பசங்க, கணக்கு போடத் தெரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் 400க்கு மேல். சேலம், நாமக்கல் பக்கம் மட்டுமே எத்தனை இருக்குன்னு ஹைவேஸ்ல ஒரு தடவை பஸ்ல போனா எண்ணிடலாம். இந்த 400க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழக அணி ஒன்றே ஒன்று. அதில் இடம் 12 பேருக்கு.

பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்க பள்ளி நண்பன் ஆர்ட்ஸ் காலேஜில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பெரியார் பல்கலைக்கழக அணிக்கு மோதுவான். அதன் எல்லை சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நாலு மாவட்டம். அங்கேயும் 12 இடம்தான், ஆனால் போட்டி நாலு மாவட்டத்துக்குள். நீங்கள் பி.இ. சேர்ந்த ஒரே காரணத்துக்காக மாநிலம் முழுக்க மோதணும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது இன்னொரு கதை. ஒரே வளாகம், அதற்கே தனி அணி. நல்ல வீரர்களுக்கு ஃபீஸ் இல்லாமல் சீட் கொடுத்து, ஹாஸ்டல் கொடுத்து, பலமான அணியைக் கட்ட முடியும்.

சரி, அந்த 12 பேரில் ஒருவராக வந்துவிட்டீர்கள். அடுத்தது தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. அதில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. அதில் முதல் எட்டுக்குள் வந்தால் கேலோ இந்தியா. அங்கே இறுதிப் போட்டி வரை போனால் ஏலப் பட்டியலில் பெயர். பட்டியலில் பெயர் வந்தால் எடுத்துவிடுவார்களா? ஏலத்துக்கு வருபவர்கள் 500க்கு மேல். 12 அணிகள், ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்றால் மொத்தமே 300 இடம். அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே தக்கவைக்கப்பட்டவர்களுக்குப் போய்விடும்.

இவ்வளவு படிகளையும் ஒரு அணியாகத்தான் ஏறணும். எங்க ரைடர் 16 புள்ளி எடுத்தாலும் மீதி ஆறு பேர் சொதப்பினால் அவன் கணக்கு அங்கேயே முடிந்தது. எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்திருந்து, இறுதிப் போட்டியில் கோட்டுக்குள் கால் வைக்காதவன் பெயர் பட்டியலில் இருக்கும். அவன் மேல் கோபம் இல்லை. அவனும் உழைத்துத்தான் வந்திருப்பான். ஆனால் தகுதி என்பது ஆளுக்கா, அணிக்கா என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது.

அவங்க எப்படிச் செய்யறாங்க?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டோடு மோதுவார்களே, அது. யோசித்துப் பார்த்தால் நம்ம கபடிக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அங்கே தொழில்முறை லீக்குக்கு ஆள் எடுப்பது கல்லூரி அணிகளிலிருந்துதான். எல்லாக் கல்லூரியும் பெரிய கல்லூரி இல்லை, எல்லா அணியும் ஜெயிக்கும் அணி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் சீசன் முடிந்ததும் ஆல் ஸ்டார் ஆட்டங்கள் நடத்துகிறார்கள். தோற்ற அணியில் ஆடியவனாக இருந்தாலும் சரி, ஆள் நல்ல ஆள் என்றால் தனியாக அவனுக்கு அழைப்பு போகும்.

ஈஸ்ட் வெஸ்ட் ஷ்ரைன் ஆட்டம் 1925லிருந்து நடக்கிறது, குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டுவதற்காக ஆரம்பித்தது. சீனியர் பவுல் 1950இல் தொடங்கி, அடுத்த ஆண்டிலிருந்து அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் நடக்கிறது. சீனியர் பவுலில் கவனிக்க வேண்டியது அந்த வாரக் கடைசி ஆட்டம் மட்டுமில்லை. அந்த வாரம் முழுக்க நடக்கும் பயிற்சிதான் முக்கியம். எடை, உயரம், கை நீளம் எல்லாம் அளப்பார்கள். தொழில்முறைப் பயிற்சியாளர்களே பயிற்சி கொடுப்பார்கள். எல்லா அணிகளின் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

2014இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஆரன் டொனால்ட் என்றொருவர் அங்கே போனார். திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் அந்த இடத்தில் ஆடுவதற்கு ஆள் குள்ளம் என்று பேச்சு இருந்தது. அந்த ஒரு வாரம், எதிரில் நின்ற பெரிய பெரிய ஆட்களை எல்லாம் தள்ளிவிட்டுப் போனார். அந்த ஆண்டுத் தேர்வில் 13ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, அவருடைய காலத்தின் ஆகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரானார்.

இதை வைத்து அந்த ஆட்டங்கள் எல்லாம் தெரிந்த ஜோசியம் என்று நினைத்துவிடாதீர்கள். டாம் பிரேடி 2000ஆம் ஆண்டு ஷ்ரைன் ஆட்டத்தில் ஆடினார். ஆடியும் அந்த ஆண்டுத் தேர்வில் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள். பிறகு அவர் ஜெயித்தது ஏழு சூப்பர் பவுல். பார்க்க வந்தவர்களுக்கும் கண் தப்பும். ஆனால் பார்க்கவே ஆள் வராத இடத்தில் 199ஆவது இடம்கூடக் கிடைக்காது என்பதையும் யோசியுங்கள்.

யாருக்குத் தகுதி என்ற சண்டை அங்கேயும் உண்டு. சீனியர் பவுல் பெயருக்கு ஏற்றபடி பல ஆண்டுகள் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மட்டும்தான். 2024 ஆட்டத்திலிருந்துதான், லீக் தேர்வுக்குப் பெயர் கொடுத்த ஜூனியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். விதி காலத்துக்கேற்ப மாறும், மாற்றலாம் என்பதற்காகச் சொல்றேன்.

நம்ம மண்ணிலேயே சாட்சி இருக்கு

அமெரிக்கா வரை போவானேன். ஓமலூரைத் தாண்டினால் சின்னப்பம்பட்டி. நடராஜன் அங்கே டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். அவர் கையில் இருந்த யார்க்கர் ஒரே நாளில் முளைத்ததில்லை. ஊரில் ஒருவர் பார்த்தார், சென்னை லீக்குக்கு அனுப்பினார், பிறகு டிஎன்பிஎல் வந்தது, டிவியில் தெரிந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பந்து அதே பந்துதான். பார்க்க வேண்டியவர்கள் பார்க்க ஒரு மேடை கிடைத்தது, அவ்வளவுதான்.

கபடியிலும் சொல்றேன். 2022இல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது ஞாபகம் இருக்கா? முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே போய்விட்டார். நம்ம குரூப்பில் அன்னைக்கு ஓடின மீம்ஸ் எல்லாம் இன்னும் என் போனில் இருக்கு. அந்த இடத்தை நிரப்பியது நரேந்தர் என்ற புதுப்பையன். புதிய இளம் வீரர்கள் திட்டத்தில் வந்தவர். முதல் சீசனிலேயே 200க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அந்தத் திட்டத்தில் அணிகள் இளையவர்களைத் தேடிப் பார்த்து, ஏலத்துக்கு வெளியிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கோடி கொடுத்து வாங்கிய இடத்தை, நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு பையன் காப்பாற்றினான்.

நான் கேட்பது இதுதான்

மண்டலப் போட்டி முடிந்ததும் ஒரு தேர்வு ஆட்டம் நடத்துவோம். சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து, பி.இ., ஆர்ட்ஸ், பாலிடெக்னிக் என்ற பேதம் பார்க்காமல் 24 பேரைத் தேர்ந்தெடுக்கணும். ஜெயித்த அணியிலிருந்து நாலு பேருக்கு மேல் கூடாது. முதல் சுற்றிலேயே தோற்ற கல்லூரியிலிருந்தும் ஆள் வரணும்.

நாலு நாள் போதும். முதல் நாள் எடை, உயரம், ஓட்டம் அளந்து எழுதணும். சீனியர் ஆண்கள் கபடியில் 85 கிலோ வரம்பு இருக்கு, நம்ம ஊர்ப் போட்டிகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எடைப் பிரிவு. பல பசங்களுக்குத் தாங்கள் எந்த எடையில் ஆடணும் என்பதே தெரியாது. அடுத்த ரெண்டு நாள் மேட்டில் பயிற்சி. மண்ணில் கால் வழுக்கிக்கொண்டு போய்த் தொடுகிறவன் மேட்டில் அதே மாதிரி இறங்கினால் கணுக்கால் போகும். பிடிக்கிறவனுக்கும் அப்படித்தான், மண்ணில் கிடைக்கிற பிடி மேட்டில் கிடைக்காது. நாலாவது நாள் ஆட்டம். நல்ல கேமரா வைத்து முழு ஆட்டத்தையும் பதிவு செய்யணும். ரீல்ஸுக்காக வெட்டியது வேண்டாம், 40 நிமிஷமும் வேணும். மூணாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆகணும் என்ற நெருக்கடியில் ஒருவன் என்ன செய்கிறான் என்பது 30 விநாடி ரீல்ஸில் தெரியாது.

யாரைக் கூப்பிடுவது? லீக் அணிகளின் ஆட்களை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ரயில்வே, போலீஸ், ராணுவம், வருமான வரித் துறை என்று கபடி அணி வைத்திருக்கும் துறைகளையும் கூப்பிடணும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். லீக்கில் ஆடுகிறவர்களிலேயே பல பேருக்குப் பின்னால் இப்படி ஒரு வேலை இருக்கு. முட்டி போனாலும் சம்பளம் வரும் என்ற தைரியத்தில்தான் அவர்கள் பாய்கிறார்கள்.

தகுதி விதி எப்படி இருக்கணும்? என் கருத்து இது. மூணாவது வருஷத்துக்கும் கடைசி வருஷத்துக்கும் முன்னுரிமை. கடைசி வருஷம் மட்டும் என்றால் பிளேஸ்மென்ட் டிரைவும் தேர்வு முகாமும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், பாதிப் பேர் வரமாட்டான். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தவனையும் சேர்க்கணும். அரியர் இருக்கிறவனைத் தடுக்கக் கூடாது. அரியரை எழுதித்தான் தீர்க்கணும், கபடியை நிறுத்தினால் அரியர் குறையாது. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருத்தனையும் மேட்டில் இறக்கக் கூடாது. இது மட்டும் பேரம் பேசவே கூடாத விதி. காட்சி ஆட்டத்தில் லிகமென்ட் கிழிந்து வீட்டில் உட்கார்ந்தவனுக்குக் கோப்பை சோறு போடாது.

"இதெல்லாம் வீண் செலவு, 24 பேரில் ஒருத்தன்கூட லீக்குக்குப் போகமாட்டான்" என்று சொல்வீர்கள். இருக்கலாம். முதல் வருஷம் யாருமே பார்க்க வராமல்கூடப் போகலாம். ஆனால் செலவு என்ன? மேட் ஏற்கெனவே பல கல்லூரிகளில் இருக்கு. லீவில் ஹாஸ்டல் காலியாக இருக்கு. சிம்போசியத்துக்குக் கட்டுகிற பிளெக்ஸ் பேனர் காசில் நாலு நாள் சாப்பாடு போடலாம். முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா என்ன?

"லீக்குக்குப் போனால் படிப்பு போகும்" என்று அம்மா அப்பா பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதுக்கும் பதில் வேணும். 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்ற விதியிலேயே, விளையாட்டுக்காகப் போனவர்களுக்கு 65 வரை சலுகை தர இடம் இருக்கு. எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்குகிறோம்? ஸ்ரீகாந்த் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரிதான், அஸ்வின் பி.டெக். ஐ.டி. படித்தவர்தான். ரெண்டையும் சேர்த்து ஓட்ட முடியும், சுற்றி இருப்பவர்கள் கொஞ்சம் வழி விட்டால்.

பொண்ணுங்களுக்குக் கதவே இல்லை

இதுவரை அவன் அவன் என்றே எழுதிவிட்டேன். காரணம் இருக்கு. புரோ கபடி லீக் ஆண்களுக்கு மட்டும்தான். 2016இல் மூன்று அணிகளை வைத்து மகளிர் சேலஞ்ச் என்று ஒரே ஒரு தடவை நடத்தினார்கள், அதோடு சரி. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம்ம பெண்கள் அணி சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்று தங்கம் வாங்கியது. 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இவ்வளவுக்கும் பிறகும், நம்ம காலேஜ் பெண்கள் அணிக் கேப்டன் எவ்வளவு நல்லா ஆடினாலும் போய்ச் சேர புரோ கபடி மாதிரி ஒரு ஏலம் இல்லை. அதனால் தேர்வு ஆட்டம் நடத்தினால் பெண்களுக்கும் 24 பேர், அதே நாலு நாள், அதே கேமரா. வேலை கொடுக்கும் துறைகள் அவர்களையும் பார்க்கணும். லீக் வரும்போது பார்த்துக்கலாம் என்று விட்டால், லீக் வரும்போது காட்ட ஆள் இருக்கமாட்டார்கள்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது

ஆட்டத்தை முழுசாகப் பதிவு செய்து வையுங்க, தேதி, போட்டி பேரோட. எடையை மாசா மாசம் எழுதுங்க. மேட்டில் வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஆடுங்க. பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருந்தால் படிவம் 3 சான்றிதழைக் கையோடு வாங்கிடுங்க. வேலை ஒதுக்கீட்டுக்கு அந்தத் தாள்தான் பேசும், ஸ்டேட்டஸ் போட்டோ பேசாது. லீக் அணிகள் இளையவர்களுக்குத் தேர்வு முகாம் அறிவித்தால், அணி தோற்றுவிட்டது என்ற வருத்தத்தில் போகாமல் இருக்காதீங்க. அங்கே உங்க அணியை யாரும் கேட்கமாட்டார்கள்.

நீங்க ஆடாதவரா? கேமரா பிடிக்கத் தெரியுமா? புள்ளி எழுதத் தெரியுமா? உங்க டிபார்ட்மென்ட் செக்ரட்டரியா இருந்தா பிரின்சிபால் ரூம் கதவைத் தட்டுங்க. நாலு கல்லூரி சம்மதித்தாலே ஆரம்பித்துவிடலாம்.

எங்க ரைடர் இப்போ கடைசி வருஷம். ஒரு கம்பெனியில் ஆஃபர் வாங்கிவிட்டான், ஜூலையில் சேரச் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னும் கோட்டுக்கு வர்றான். அவனுக்கு இது தாமதமாக இருக்கலாம். இந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு பையன் வந்திருக்கான், இடது கார்னர், ஒல்லியா இருப்பான், பிடிச்சா விடமாட்டான். நம்ம ரைடரே நாலு தடவை மாட்டிக்கிட்டான். அந்தப் பையன் பஸ்ல அதே கேள்வியைக் கேக்கறதுக்கு முன்னாடி நமக்கு மூணு வருஷம் இருக்கு.